ஆறுமுகம் வரைந்த ஜன்னல்

ஆறுமுகம் செத்துப்போய்விட்டான் என்று நானுஓயா ஸ்டேஷனில் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. அவன் விஷயத்தில் கண்ணால் பார்த்ததையே நம்பக் கூடாது. காதால் கேட்டதை எப்படி நம்புவது? தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து, அவன் வாசலில் கூடியிருந்த சனத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

தேயிலைப் பெட்டிகளுக்கு இலக்கம் எழுதுவது அவன் வேலை. மிஞ்சிய பெயின்ட் எல்லாம் தோட்டத்துச் சுவர்களுக்கு. கோயில் மதிலில் அவன் வரைந்த படிக்கட்டில் பூசாரி ஏறப் போய் முழங்காலை இடித்துக்கொண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "படி சரியாத்தான் இருக்கு சாமி. நீங்க நின்ன எடந்தான் தப்பு" என்றான், பாவி!

லயத்தின் கடைசிக் காம்பரா என்னுடையது. ஒரே அறை; ஜன்னல் கிடையாது. அடுப்புப் புகையில் என் மனைவி செல்லம்மா இரவும் பகலும் இருமினாள். ஒரு ஜன்னல் வைத்துத் தரச் சொல்லித் தோட்டத்துத் துரையிடம் நடையாய் நடந்தேன். "அடுத்த வருசம்" என்பார். அந்த வருசம் வரவே இல்லை.

கொழும்பிலிருந்து கம்பனித் துரை பார்வையிட வருகிறார் என்றதும் ஆறுமுகம் தூரிகையோடு வந்துவிட்டான். "ஜன்னல் வெச்சா லயம் எப்படி இருக்கும்னு அவருக்குக் காட்டிப்புடுவோம் மச்சான். பார்த்தா மனசு எறங்காதா?" ரோட்டைப் பார்த்த சுவரில் வரைந்தான். பாதி திறந்த கதவு, கம்பி, கம்பியின் நிழல். ரோட்டில் நின்று பார்த்தால் உள்ளே கைவிடலாம் போலிருந்தது.

கொழும்புத் துரை காரைவிட்டு இறங்கவே இல்லை. மழை. கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரய்யா வந்து சொன்னார்: "இந்த லயத்துக்கு ஜன்னல் இருக்குன்னு ரிப்போட்டுல எழுதிட்டாருப்பா. இனிமே கேக்க முடியாது."

செல்லம்மா பத்திரகாளியானாள். "அந்த மனுசனைக் கூப்பிடுங்க! பொகையையும் அந்த ஜன்னல் வழியாப் போகச் சொல்லட்டும்!" நானும் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதில் அவன் யார் முகத்திலும் விழிக்காமல் திரிந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சுவர் அதிர்ந்தது. வெளியே ஓடினேன். ஆறுமுகம் அலவாங்குக் கடப்பாரையால், தான் வரைந்த கோட்டின்மேலேயே இடித்துக்கொண்டிருந்தான். தோட்டத்துச் சுவரை உடைத்தால் பத்துச்சீட்டுத்தான். வேலையும் போகும், குடியிருக்கும் காம்பராவும் போகும். தோட்டத்துத் துரை வந்து கத்தினார். அவன் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நான் செவுத்தை ஒடைக்கலீங்க தொரை. கொழும்புத் தொரை எழுதின ஜன்னலைத் தொறந்தேனுங்க" என்றான். மேலிடத்து ரிப்போர்ட்டைப் பொய்யென்று துரை சொல்ல முடியுமா? முகம் சிவந்து திரும்பிப் போனார்.

ரோட்டிலிருந்து நேராகத் தெரிய வேண்டுமென்று அவன் கோணலாக வரைந்திருந்தான். ஓட்டையும் கோணலாகவே விழுந்தது. இன்றுவரை எந்தத் தச்சனாலும் அதற்குக் கதவு போட முடியவில்லை. மழை அடித்தால் பாய் நனையும்.

அவனிடமிருந்து எனக்கு எஞ்சியது அந்தக் கோணல் ஜன்னல்தான். அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோதும் நல்ல மழை. செல்லம்மா ஜன்னலடியில் நின்றுகொண்டு, "ஒழுங்கா ஒரு ஜன்னல் வரையத் தெரியாத மனுசன்" என்று அவனைத் திட்டித் திட்டி அழுதாள். இடையில் ஒருமுறைகூட இருமவில்லை.