பச்சைக் கதிர் மாதம்

நான் தலைமன்னாரில் பிறந்தவள். அப்பா கடலுக்குப் போனவர். எங்கள் வீட்டில் சோறு இருந்தது, நெல் இருந்ததில்லை. முருங்கன் ஆஸ்பத்திரிக்குத் தாதியாக மாற்றம் கிடைத்து வந்த பிறகும் பஸ் யன்னலால் வயல்களைப் பார்த்ததோடு சரி. பச்சையாக இருந்தால் பயிர், மஞ்சளாக இருந்தால் அறுவடை. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

போன தவக்காலத்தில் எங்கள் அன்பியக் கூட்டத்தில் வாசகம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. எங்கள் பகுதிக் குடும்பங்கள் கிழமைக்கு ஒரு வீட்டில் கூடிச் செபிக்கிற கூட்டம் அது. அடிமைகளாக இருந்த சனம் எகிப்தை விட்டு வெளிக்கிட்ட கதை. அவர்கள் வெளிக்கிட்ட மாதத்தின் பெயர் ஆபிபு என்றிருந்தது. அந்தச் சொல்லில் நாக்குத் தடுக்கி, இரண்டாம் தரம் சொல்லித்தான் வாசித்து முடித்தேன்.

செபம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, கூட்டத்தை நடத்த வந்திருந்த பாதரிடம் கேட்டேன்.

"ஆபிபு எண்டா என்ன பாதர்? ஆரும் ராசாவின்ர பேரோ?"

"இல்லை. பச்சைக் கதிர் எண்டு அர்த்தம்," என்றார். "வாற்கோதுமை கதிர் விட்டு, மணி பிடிச்சு, ஆனா இன்னும் முத்தாமல் இருக்கிற பருவம். அந்தப் பருவத்தின்ர பேர்தான் மாதத்தின்ர பேர். பிறகுதான் நீசான் எண்டு மாறினது."

"அப்ப வயலைப் பாத்துத்தான் மாதமோ?"

"பிறையையும் பாப்பினம், வயலையும் பாப்பினம். பிறை கண்டாலும் கதிர் அந்தப் பக்குவத்துக்கு வரேல்லையெண்டா, வருசத்தில இன்னொரு மாதத்தைக் கூட்டிப்போட்டுக் காத்திருப்பினமாம். எகிப்தை விட்டு வந்ததைக் கொண்டாடுற பெருவிழாவும் அதோட பின்னுக்குப் போகும்."

அன்று வீட்டுக்குப் போய் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நகைக்கடைக்காரர் தந்த கலண்டர். அதில் பங்குனி முடிந்தால் சித்திரை. யாருக்காகவும் எதற்காகவும் நிற்காது. ஒரு சனம் முழுவதும், அவர்களுடைய வருசத்தையே நிறுத்திவைத்து, புல்லுக் கதிர் ஒன்றுக்காக நின்றது என்பதை நினைக்க எனக்கு மேல் சிலிர்த்தது. அந்தப் பருவத்தை என் கண்ணால் பார்க்கவேண்டும் போலிருந்தது.

எங்கள் வார்ட்டில் உதவியாளராக வேலை செய்யும் அக்கா ஒருவர் அதே அன்பியம்தான். புருசன் இல்லை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் வயலைத் தனியாகச் செய்கிறவர். கார்த்திகை வெள்ளத்தில் அவருடைய பயிர் முழுக்க அழுகிப்போனது. சுற்றியிருந்த வயல்கள் மேட்டில் இருந்ததால் தப்பிவிட்டன. நத்தார் கழிந்து, மார்கழிக் கடைசியில், அக்கா திரும்பவும் விதைத்தார். "காலம் பிந்தி விதைச்சு என்னத்தைக் காணப்போறாய்?" என்று சொந்தச் சகோதரங்களே சிரித்தார்களாம். மாசியில் எல்லோரும் வெட்டி முடித்துவிட்டார்கள். அவருடைய வயல் மட்டும் பச்சையாக நின்றது.

"அக்கா, வாற்கோதுமையை எங்க போய்ப் பாக்கிறது? உங்கட நெல்லை எனக்குக் காட்டுவீங்களோ?" என்று கேட்டேன்.

"வாங்கோ மிஸ். ஆனா சிரிக்கக் கூடாது," என்றார்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு போனோம். நாலா பக்கமும் வெட்டி முடித்த வயல்களின் காய்ந்த ஒட்டுக்கட்டைகள். நடுவில் அந்த இரண்டு ஏக்கர். வரம்பில் குந்தி, அக்கா ஒரு கதிரை மெல்ல வளைத்து மணி ஒன்றை நகத்தால் நசுக்கினார். வெள்ளையாய்ப் பால் வந்தது. கதிரின் நுனியிலிருந்து இன்னொரு மணி. அதில் பால் இறுகி, பிசைந்த மா மாதிரி இருந்தது. வாயில் போட்டுப் பார்த்தேன். லேசான இனிப்பு. நாற்பத்தைந்து வருசம் நான் தின்ற சோறெல்லாம் ஒருநாள் இப்படிப் பாலாக இருந்திருக்கிறது!

"இதுதான் அக்கா அந்த மாதம். இந்தப் பருவம்தான்," என்றேன். பாதர் சொன்னதை அப்படியே சொன்னேன். கதிர் இந்தப் பக்குவத்துக்கு வராமல் அந்த மாதம் பிறக்காது, பிறக்க விடமாட்டார்கள் என்றேன்.

அக்கா கதிரை விடவில்லை.

"அப்ப, பிந்தி விளைஞ்ச வயலுக்காக வருசமே நிண்டதோ?"

"ஓம்."

"ஆரும் சிரிக்கேல்லையோ?"

அவர் கேட்டது என்னையல்ல என்று பட்டது. கதிரை மெதுவாக விட்டார். அது நிமிர்ந்து, ஆடி, நின்றது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரம்போடு நடந்து வயலின் மறுகோடிவரை போனார். நான் பின்னால் போகவில்லை. கோயிலில் பாதர் நற்கருணையை உயர்த்திப் பிடிக்கும்போது வருகிற அமைதி அந்த வெயிலிலும் இருந்தது.

உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டாம் கிழமை வெட்டு மெசின் வந்தது. சுற்றுவட்டாரத்தில் நின்ற ஒரே வயல் அதுதான் என்பதால் குருவிகள் பாதியைத் தின்றுவிட்டன. மிச்சம் விதைநெல்லுக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் போதுமாக இருந்தது. பார்க்க வந்த அக்காவின் தம்பி, "பரவாயில்லையே," என்றான்.

"அது வரவேண்டிய நேரத்திலதான் வந்தது," என்று சொல்லிவிட்டு, அக்கா சாக்கின் வாயைக் கட்டினார்.