பத்துக்குக் கிளம்பி பன்னிரண்டுக்கு

என் அக்கா பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். வண்டி கிளம்பிய நேரத்தை வந்து சேர்ந்த நேரத்திலிருந்து கழித்தால் பயண நேரம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து காலமெல்லாம் அவள் போட்ட கணக்கு இதுதான். தாமதமாக வந்த டிரைவர் நெரிசல், மழை, பஞ்சர் என்று எதைச் சொன்னாலும், "கதை விடாதே" என்பாள். அவளைக் கண்டால் டிரைவர்களுக்கு உதறல். எனக்கும்தான்.

அவளுடைய ஒரே மகன் வெளிநாட்டு நகரம் ஒன்றுக்கு வேலைக்குப் போனான். விமானம் காலை பத்துக்குக் கிளம்பி அன்றே பகல் பன்னிரண்டுக்குப் போய்ச் சேரும் என்றார்கள். அக்கா கழித்துப் பார்த்தாள். "ரெண்டே மணி நேரம்டி! நம்ம சித்தி வீட்டுக்கு பஸ்ல போறதே இதைவிட அதிகம்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள்.

மூன்று வருடம் கழித்து, ஒரு விடியற்காலை அக்கா வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். மகனுக்கு உடனே போன் செய்தோம். "கிளம்பிடறேம்மா. ஆனா நாளைக்குத்தான் வந்து சேர முடியும். நான் வராம அப்பாவை எடுத்துடாதீங்க" என்று கதறினான்.

அக்கா சாயங்காலம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ரெண்டு மணி நேரத் தூரத்துல இருக்கறவன் ஒரு நாள் கேக்கறான். இந்த மாதிரி கதையெல்லாம் நான் கேக்காததா? எடுங்க" என்றாள். அவள் சொன்னால் மறுபேச்சு பேச அந்த வீட்டில் ஆள் கிடையாது. மறுநாள் விடிவதற்குள் வந்து நின்ற மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதோடு இரண்டு வருடம் போனது.

இப்போது அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. டிக்கெட் எடுத்து அனுப்பினான். பேத்தி ஆசையில் அக்கா இறங்கி வந்தாள்; துணைக்கு நான். "குழந்தையைப் பாக்கத்தான் வர்றேன். அவனோட பேச்சு கிடையாது" என்று விமானம் ஏறும்போதும் முறுக்கிக்கொண்டாள்.

அதே பத்து மணி விமானம். தன் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனதும் எழுந்து பையை எடுத்தாள். பணிப்பெண் ஓடிவந்தாள்.

"உட்காருங்கம்மா, இன்னும் எட்டு மணி நேரம் இருக்கு."

"எட்டா? அவ்வளவு லேட்டா?"

"லேட் இல்லம்மா, சரியாத்தான் போறோம். பன்னெண்டுங்கறது அந்த ஊர் நேரம். உங்க கடிகாரத்துல அப்போ ராத்திரி எட்டு ஆகியிருக்கும். மொத்தம் பத்து மணி நேரப் பயணம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே பகலென்றால் அங்கே ராத்திரி என்பது எங்களுக்குத் தெரியாததா? போனில் எத்தனை தடவை பேசியிருக்கிறோம்! அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று மட்டும் எங்கள் இரண்டு மண்டையிலும் உறைக்கவே இல்லை.

அக்கா தொப்பென்று உட்கார்ந்தாள். உதட்டுக்குள்ளேயே அந்த நாளின் கணக்கைத் திரும்பப் போட்டாள். நாங்கள் போன் செய்தபோது அங்கே ராத்திரி. அவனுக்குக் கிடைத்த முதல் விமானம் அங்கே காலையில்தான் இருந்திருக்கும். அங்கே காலை என்றால் இங்கே சாயங்காலம்; அதோடு பத்து மணி நேரம் சேர்த்தால் மறுநாள் விடிவதற்குள்.

"அவன் ஒரு நிமிஷம்கூட வீணாக்கலடி" என்றாள். "ஒரு ராத்திரி பொறுத்திருந்தா அப்பன் முகத்தைப் பாத்திருப்பான். எடுங்கன்னு சொன்னது நான்தானே?"

"ஆமாங்க்கா" என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.