ஒற்ற வேண்டும், துடைக்கக் கூடாது

அசுந்தா பெல்லிகானோவைப் போலப் பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. லிஃப்ட் என்றால் பயம், போலீஸ்காரன் என்றால் பயம், தபால்காரன் மணியடித்தால் பயம். எல்லாவற்றையும்விட, யாராவது கேள்வி கேட்டால் பயம். சௌக்கியமா என்று நான் கேட்டால்கூட, இவள் எதற்காக இதைக் கேட்கிறாள் என்று என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். அப்படிப்பட்டவள் வேலை பார்த்த இடம், நியூயார்க்கில் ஒரு டெலிவிஷன் வினாடி வினா நிகழ்ச்சி. அவள் தலையெழுத்தை எழுதியவனுக்குக் குசும்பு கொஞ்சம் அதிகம்.

அவள் முகம், நான் தலை. அதாவது, போட்டிக்கு வருகிறவர்களுக்கு அவள் பவுடர் பூசுவாள், நான் முடி சீவிவிடுவேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஜன்னல் இல்லாத ஓர் அறை, சுற்றிலும் பல்பு வைத்த ஒரு கண்ணாடி. என் பெயர் கெர்ட்டி லூபின். பிராங்ஸில் பிறந்தவள், வாய் கொஞ்சம் நீளம். அவள் புரூக்ளின் இத்தாலியக்காரி, வாயே கிடையாது. அதனால்தான் இத்தனை வருஷம் சண்டையில்லாமல் ஓடியது.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அவள் புருஷன் நெல்லோ ரேடியோவில் ஒலிப்பதிவு வேலையில் இருந்தவன். வாலிப வயதில் ஏதோ கூட்டத்துக்குப் போய் ஏதோ மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். வெகுகாலம் கழித்து, அரசாங்கம் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய நேரத்தில், யாரோ அவன் பெயரைச் சொல்லிவிட்டார்கள். தொப்பி போட்ட இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, சோபாவில் மரியாதையாக உட்கார்ந்து, கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் ஒரு நிலையமும் அவனை உள்ளே விடவில்லை. அக்கம்பக்கத்து ரொட்டி சுடும் இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தான். அசுந்தாவின் பவுடர் பெட்டியில்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது. புருஷன் பெயர் மேலிடத்தில் யாருக்காவது ஞாபகம் வந்துவிட்டால் இதுவும் போய்விடும் என்று ஒவ்வொரு நாளும் நடுங்கிக்கொண்டே வேலைக்கு வருவாள்.

மேலிடம் என்றால் லீலண்ட் மார்ஷ், எங்கள் தயாரிப்பாளர். ரேடியோ காலத்தில், அமெரிக்காவின் தலைநகரம் எது என்று இல்லத்தரசிகளிடம் கேட்டு, சரியாகச் சொன்னவளுக்கு ஐஸ்பெட்டி கொடுத்து வளர்ந்த ஆள். டெலிவிஷன் வந்ததும் ஐஸ்பெட்டி போய்ப் பெரும் பணம் வந்தது. பணத்தை மட்டும் காட்டினால் ஜனங்கள் மறு வாரமே வேறு சேனலுக்குப் போய்விடுகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்ததும் அவரைப் போன்றவர்கள்தான். ஜனங்களுக்கு ஒரு மனிதன் தவிப்பதைப் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு கண்ணாடிக் கூண்டு செய்தார்கள். போட்டியாளரை உள்ளே விட்டு, காதில் ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்துவார்கள். வெளியிலிருந்து மட்டுமே திறக்கிற கதவு. எங்கள் நிகழ்ச்சியின் பெயர் மகுடக் கேள்வி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆனால் அமெரிக்காவில் பாதி வீடு அந்தக் கூண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கேள்வியும் பதிலும் முன்கூட்டியே கொடுக்கப்படுவது எங்கள் இருவருக்கும் தெரியும். தலையை ஒருத்தியிடமும் முகத்தை ஒருத்தியிடமும் கொடுத்துவிட்டு எந்த மனிதனாலும் ரகசியம் காக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே உதட்டுக்குள் பாடம் ஒப்பிப்பார்கள். எந்தப் பதிலுக்கு உதட்டைக் கடிப்பது, எந்தப் பதிலுக்குக் கண்ணை மூடுவது, எல்லாம் மார்ஷ் தம் அறையில் சொல்லிக் கொடுத்ததுதான். பணம் போடுகிற ஷாம்பு கம்பெனிக்கு யாரைப் பிடிக்கிறதோ அவர் ஜெயிப்பார், பிடிக்காதவர் தோற்பார். கூண்டுக்குள் ஒரு மின்விசிறி இருந்தது. கடைசிக் கேள்வி வரும்போது மார்ஷ் கழுத்துப்பட்டையைத் தொடுவார், விசிறி நிற்கும். விளக்குச் சூட்டில் நெற்றி நிஜமாகவே வியர்க்கும். அந்த வியர்வைக்கும் ஒரு விதி வைத்திருந்தார்.

"ஒத்தணும், தொடைக்கக் கூடாது" என்று எங்கள் அறைக்கே வந்து ஒவ்வொருவரிடமும் சொல்வார். "தொடைச்சா வேர்வையும் போயிடும், பவுடரும் போயிடும். நான் காசு குடுக்கறதே அந்த வேர்வைக்குத்தான்."

அந்தக் கோடையில் எங்கள் நட்சத்திரம் ஆரின் டிப்பெட்ஸ். ஸ்க்ரான்டனில் பஸ் நிலையத்தில் டிக்கெட் கிழிப்பவர். இங்கிலாந்து ராஜா ராணிகளைப் பற்றிக் கேட்டால் சொல்வார் என்று கூட்டி வந்திருந்தார்கள். பருத்த உடம்பு, பசு மாதிரி சுபாவம். எங்கள் இருவருக்கும் டோனட் வாங்காமல் வரவே மாட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. என்ன ஆச்சு என்று அசுந்தா கேட்டதற்கு, நெஞ்சில் சளி, வேறொன்றுமில்லை, மார்ஷிடம் சொல்லிவிடாதே என்றார்.

அன்றைக்குக் கடைசிக் கேள்வி வந்தது. நானும் அசுந்தாவும் மார்ஷுக்குப் பக்கத்தில், கேமராக்களுக்குப் பின்னால் நின்றிருந்தோம். மார்ஷ் கழுத்துப்பட்டையைத் தொட்டார். டிப்பெட்ஸ் உதட்டைக் கடித்தார், கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார், பெருமூச்சு விட்டார், எல்லாம் பாடம் பிசகாமல். பிறகு கண்ணாடியில் சாய்ந்தார். வாயைத் திறந்து திறந்து மூடினார். அரங்கத்தில் இருந்தவர்கள் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார்கள். கேமராக்காரன் சிரித்துக்கொண்டே இன்னும் கிட்டே போனான். மனுஷன் இன்றைக்குப் பிய்த்து உதறுகிறார் என்று மார்ஷ் காதோடு காதாகச் சொன்னார். எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். நடிக்கச் சொல்லிக் கொடுத்த இடத்தில் சாவு வந்தால்கூட அதற்கும் கைதட்டுத்தான் கிடைக்கும்.

அசுந்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கெர்ட்டி, அவர் தொடைச்சுட்டார்."

நான் பார்த்தேன். கைக்குட்டை கீழே கிடந்தது. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் உள்ளங்கையால் வழித்திருந்தார். அவள் அவ்வளவு பாடுபட்டுப் பூசிய பவுடர் சேறு மாதிரி ஒரு பக்கம் ஒதுங்கி, அடியில் இருந்த தோல் நீலம் பாரித்திருந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்க்கிறவனுக்கு அந்த நீலம் எங்கே தெரியப்போகிறது.

அவள் மார்ஷிடம் சொன்னாள். மார்ஷ் உதட்டில் விரலை வைத்தார். தரையில் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டியிருக்கும். அதைத் தாண்டினால் கேமராவில் விழுந்துவிடுவோம். நேரடி ஒளிபரப்பில் அந்தப் பட்டையைத் தாண்டியவனுக்கு மறுநாள் வேலை கிடையாது என்பது எங்கள் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அசுந்தா பவுடர் படிந்த ஏப்ரனோடு அதைத் தாண்டி ஓடினாள். லிஃப்டுக்குப் பயந்தவள், அமெரிக்கா முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். டிப்பெட்ஸ் அவள் மேல் சரிந்தார், இரண்டு பேரும் விழுந்தார்கள்.

டிப்பெட்ஸ் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அசுந்தாவோ தன் உயிர் போய்விட்டதைப் போல உட்கார்ந்திருந்தாள். நெல்லோவிடம் என்ன சொல்வேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுநாள் வேலைக்கு வந்ததே தன் பிரஷ்களை எடுத்துக்கொண்டு போகத்தான்.

மார்ஷ் பூங்கொத்தோடு வந்தார். நிலையத்துத் தொலைபேசி ஓயவில்லையாம். அந்த ஏப்ரன் போட்ட அம்மாள் யார் என்று நாடே கேட்கிறதாம். ஷாம்பு கம்பெனி முதலாளிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம்.

"அடுத்த செவ்வாயும் நீ ஓடணும், செல்லம்" என்றார். "நான் கையைத் தூக்குவேன். அப்ப ஓடு."

"அடுத்த வாரம் யாருக்கு சார் மூச்சு முட்டப்போகுது?"

"அதை நான் பாத்துக்கறேன்."

அவள் தலையை ஆட்டினாள், முடியாது என்று. அவள் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் பார்த்தது அன்றுதான். மார்ஷ் கோபப்படவே இல்லை. பூங்கொத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"ஆமா, உங்க வீட்டுக்காரர் இப்ப என்ன பண்றார்? முன்னாடி ரேடியோலதானே இருந்தார்?"

வெறும் கேள்விதான். அசுந்தா பிரஷ்களைத் திரும்ப மேஜையில் வைத்தாள். சரி சார் என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சாப்பிடவில்லை. வேலை போகாதே, அப்புறம் என்னடி பயம் என்று நான் கத்தினேன்.

"பொய்க்கு ஒரு தடவை ஓடிட்டேன்னா, அப்புறம் நிஜமாவே ஒருத்தர் உள்ள தவிக்கும்போது நான் ஓடினா யாரு நம்புவா? அதையும் நடிப்புன்னுதானே நெனைப்பாங்க? அந்தக் கதவை வேற யாரு தொறப்பா, கெர்ட்டி?"

நான் என் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்து அவள் முன்னால் வைத்தேன்.

டிப்பெட்ஸின் இடத்துக்கு வந்தவள் லெனோர் ஹாஸ்கின்ஸ், ஒஹையோவில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறவள். கல்யாணம் ஆகாதவள், ஒல்லி, பறவைகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவள். நாற்காலியில் உட்கார்ந்ததுமே, அந்தக் கூண்டுக் கதவு உள்ளேயிருந்து திறக்குமா என்று கேட்டாள். ஒத்திகை நாளன்று அசுந்தா அவள் முகத்துக்குக் கிட்டே குனிந்து, பவுடர் பூசுகிற சாக்கில் மெதுவாகச் சொன்னாள்.

"அவங்க ஒத்தச் சொல்லுவாங்க மிஸ், ஒத்துங்க. நிஜமாவே முடியலேன்னா மட்டும், கையால முகத்தை வழிச்சுத் தொடைச்சுடுங்க. வேற யாருக்கும் புரியாது. எனக்குப் புரியும், நான் வந்துடுவேன்."

ஹாஸ்கின்ஸ் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். அவள் போனதும் அசுந்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள். மார்ஷ் கையைத் தூக்கினால் ஓடப்போவதில்லை என்றும், அந்தப் பெண் துடைத்தால் மட்டும்தான் ஓடுவேன் என்றும், நெல்லோவிடம் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது என்றும் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்று அவனும் சொல்லிவிட்டானாம். சொல்லும்போதே பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. ஆனாலும் சிரித்தாள்.

செவ்வாய் வந்தது. கடைசிக் கேள்வி. கழுத்துப்பட்டையைத் தொட்டாயிற்று, விசிறி நின்றாயிற்று. ஹாஸ்கின்ஸ் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினாள். மார்ஷ் கையைத் தூக்கினார். அசுந்தா வெள்ளைப் பட்டைக்கு இந்தப் பக்கம் அசையாமல் நின்றாள். அவளுக்காகவே ஒரு கேமராவைத் திருப்பி வைத்திருந்தார்கள். அது காத்துக்கொண்டிருந்தது. மார்ஷ் மறுபடியும் கையைத் தூக்கினார். அசுந்தா அவர் பக்கம் திரும்பவேயில்லை. கூண்டுக்குள் இருந்த அந்த இரண்டு கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளுக்குள், நில்லடி, அப்படியே நில்லு என்று சொல்லிக்கொண்டேன்.

மார்ஷ் கையை இறக்கினார். கூண்டைப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

ஹாஸ்கின்ஸ் உள்ளங்கையால் முகத்தை வழித்துத் துடைத்தாள்.

அசுந்தா ஓடினாள். ஏப்ரன் கூண்டு விளிம்பில் மாட்டிக் கிழிந்தது. கதவைத் திறந்ததும் அந்தப் பெண் அவள் தோளில் விழுந்தாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நான் நின்ற இடத்திலிருந்து அசுந்தாவின் முகம் மட்டும்தான் தெரிந்தது. யாரோ அவள் காதில் சாவுச் செய்தி சொன்னதைப் போல இருந்தது.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். குழாயடியில் பிரஷ்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள். கழுவி முடித்துவிட்டு அவளே சொன்னாள்.

"அந்தப் பொண்ணு என் காதுல மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னா. மார்ஷ் தன் அறையில வச்சு, நான் என்ன சொன்னேன்னு கேட்டாராம், இவளும் சொல்லிட்டாளாம். மூக்குக் கண்ணாடியைக் கழட்டினா தொடைன்னு சொல்லிக் குடுத்திருக்கார். உங்க வேலைக்கு ஆபத்து வராதுன்னு சொன்னார், அதான் செஞ்சேன்னா, பாவம்."

"அந்த மனுஷன் நாசமாப் போகட்டும்" என்றேன்.

"யாரும் என்னை நம்ப மாட்டாங்களேன்னுதான் பயந்தேன், கெர்ட்டி. இப்ப என்னாலயே நம்ப முடியாது. நாளைக்கு ஒருத்தர் நிஜமாவே தொடைச்சாலும் நான் நின்னு யோசிப்பேன். அதுக்குள்ள அவர் செத்துடுவார்."

பவுடர் பெட்டியை மூடிக்கொண்டு போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, சம்பளத்தைக் கூட்டத்தான் இருந்தார்கள். அவள் இடத்துக்கு ஒரு சின்னப் பெண் வந்தாள். அதே ஏப்ரனைத் தைத்துப் போட்டுக்கொண்டு, மார்ஷ் கையைத் தூக்கும்போதெல்லாம் அழகாக ஓடினாள்.

அடுத்த வருஷம் பத்திரிகைகள் மோப்பம் பிடித்து, விசாரணை வந்து, நிகழ்ச்சி மூடப்பட்டது. நான் காட்டியது கேளிக்கை, பரீட்சை அல்ல என்று மார்ஷ் நீதிபதியிடமே சொன்னாராம். தொப்பி போட்ட இரண்டு பேர் அசுந்தாவின் வீட்டுக்கும் போய் அதே சோபாவில் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். நெல்லோ சொன்னான்: காபி கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, கேட்காததையும் சொல்லி அனுப்பினாளாம்.

போன மாதம் அவளைப் பார்க்க புரூக்ளினுக்குப் போனேன். இப்போது ஒரு சவ அடக்க நிலையத்தில் வேலை. இறந்தவர்களை உறவினர் பார்வைக்கு வைக்கும் முன் முகத்தைச் சரி செய்கிறாள். சூட் போட்டு ஒரு கிழவர் படுத்திருந்தார். அவள் பவுடர் பூசிக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. வாசலிலேயே நின்றபடி, உனக்கு இங்கே பயமாக இல்லையா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலேயே பதில் சொன்னாள்.

"எதுக்குப் பயம்? இவருக்கு மூச்சு முட்டுதா இல்லையான்னு நான் பாத்துக்கிட்டே நிக்க வேண்டாமே."

சொல்லிவிட்டு, பவுடர் கலையாமல் அந்த நெற்றியை மெதுவாக ஒற்றினாள்.