அப்பச்சோடா விழுந்த சிவப்புக் கோவா

மகள் நேற்று மூன்று சிவப்புக் கோவா, முட்டைக்கோஸ்தான், வாங்கி வந்து குசினி மேசையில் வைத்தாள். கிறிஸ்மஸ் நத்தாருக்கு அவளுடைய மாமா மாமி, மருமகனின் தாய் தகப்பன், வருகிறார்கள். ஜெர்மன் ஆட்கள். வாத்து அவர்கள் கொண்டு வருவதாம், ரோட்கோல் எங்கள் வீட்டில் என்று பேச்சு.

"அப்பா, நீங்கள் செய்யுங்கோ. எனக்கு உங்கடை மாதிரி வராது."

ஓம் என்றேன்.

ரோட்கோல் என்றால் பெரிய வித்தை இல்லை. சிவப்புக் கோவாவை நூல் மாதிரி அரிந்து, அப்பிள், கராம்பு, கறுவா, சீனி, வினாகிரி போட்டு மெல்ல அவிய விடுவது. நத்தார்ச் சாப்பாட்டில் வாத்துக்குப் பக்கத்தில் அது இல்லாவிட்டால் இங்கத்தைய சனத்துக்கு ஏதோ குறை. பொங்கல் பொங்கிவிட்டுச் சர்க்கரை போடாதது மாதிரி.

பெயர்தான் சிவப்பு. வெட்டினால் ஊதா. கையில் ஏறினால் இரண்டு நாளைக்குப் போகாது. இன்று காலை முதல் கோவாவை அரிந்து முடிய என் கையைப் பார்த்தேன். சிவாண்ணை நினைவுக்கு வந்தார்.

அவர் எனக்குச் சொந்தம் இல்லை. வுப்பர்டால் என்ற ஜெர்மன் ஊரில் ஒரு காஸ்ட்ஹவுஸில் இரண்டு பேரும் வேலை. காஸ்ட்ஹவுஸ் என்றால் பழைய சாப்பாட்டுக் கடை, மேலே நாலு அறை வாடகைக்கு. அவர் எனக்கு முதல் வந்தவர், மரக்கறி முழுக்க அவர் பொறுப்பு. நான் கோப்பை கழுவினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், வேறு என்ன தருவார்கள்? ஆனால் நன்றாகக் கழுவினேன். அதைச் சொல்ல வேண்டும்.

மனிசி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில். கல்யாணம் முடித்து மூன்று மாதத்தில் நான் வெளிக்கிட்டுவிட்டேன். அவளைக் கூப்பிட அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், போட வேண்டும். அதற்கு நிரந்தர வேலை என்று முதலாளியம்மா எழுதித் தரும் கடிதம் வேண்டும். வருஷம் பிறக்கட்டும், தருகிறேன் என்று அவ சொல்லியிருந்தா. இரண்டு வருஷமாக அந்த அறையில் இருந்தவளுக்கு அந்தக் கடிதம்தான் எல்லாம். எனக்கும்.

அந்த வருஷ நத்தாருக்கு முதல் நாள். அடுத்த நாள் மத்தியானம் மண்டபம் முழுக்க ஆட்கள். இங்கே அன்று பகலோடு கடைகளைப் பூட்டிவிடுவார்கள். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு வெங்காயமும் வாங்க ஏலாது. விடியவே சிவாண்ணையும் நானும் கோவா அரிந்தோம். இரண்டு பெரிய அண்டா. பத்து மணி போல முதலாளியம்மா அவரை வாத்து எடுத்துவரப் பண்ணைக்கு அனுப்பினா.

"தம்பி, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும். கிளறினால் காணும். ஒண்டும் போட வேண்டாம். வினாகிரி நான் வந்து விடுறன்."

கிளறினேன். ஒரு மணித்தியாலம். கோவா றப்பர் மாதிரிக் கிடந்தது. எனக்குப் பயம் பிடித்தது. வீட்டில் கடலை அவியாவிட்டால் அம்மா ஒரு கிள்ளு அப்பச்சோடா போடுவா, மெத்தென்று வரும். அலமாரியில் சோடா இருந்தது. கிள்ளு என்றால் கடலைச் சட்டிக்குக் கிள்ளு. இது அண்டா. கை நிறையப் போட்டேன். இரண்டுக்கும்.

அவிந்தது. நிறமும் மாறியது. முதலில் நீலம், பிறகு நீலப்பச்சை. கீரிமலைக் கடல் மாதிரி. நான் கரண்டியோடு நின்றேன்.

சிவாண்ணை வாத்துப் பெட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடாப்பா, கடல் தண்ணியை அள்ளிக் காய்ச்சினீரோ?"

சோடா என்றேன். அவர் வினாகிரிப் போத்தலைக் கவிழ்த்தார். நுரை பொங்கி அடுப்பில் வழிந்தது. நிறம் திரும்பி வந்தது. கோவா வரவில்லை, கூழாகக் கிடந்தது. அவர் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தார்.

"சவர்க்காரம். இதாலை நீர் கோப்பை கழுவலாம்."

அந்த நேரம் முதலாளியம்மா உள்ளே வந்தா. அவவும் ருசி பார்த்தா. துப்பிவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டா. எங்கள் இரண்டு பேரின் கைகளையும் பார்த்தா. நாலு கையும் ஊதா.

"நான்," என்று சிவாண்ணை ஜெர்மனில் சொன்னார்.

எனக்கு அவ்வளவு ஜெர்மன் தெரியும். நான் என்ற சொல் முதல் நாளே பழகியது. நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் சனத்துக்குப் போத்தலில் அடைத்த ரோட்கோல்தான். பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம் முதலாளியம்மா கெஞ்சி வாங்கினது. அவவின் தகப்பன் காலத்திலிருந்து காஸ்ட்ஹவுஸில் போத்தல் ரோட்கோல் போட்டதில்லையாம். அதை அவ மன்னிக்கவில்லை. நத்தார் முடிய, இனி வரத் தேவையில்லை என்று சிவாண்ணைக்குச் சொல்லிவிட்டா.

அவர் உடுப்பு எடுக்க வந்தபோது பின் வளவில் குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில் நின்று கதைத்தோம்.

"அண்ணை, நான் போய்ச் சொல்லுறன்."

"சொல்லி? கடிதம் வருமோ? வாயை மூடிக்கொண்டு மனிசியைக் கூப்பிடும். எனக்கு ஆர் இருக்கினம்."

அவருடைய விசாவும் அந்த வேலையில்தான் தொங்கியது. எனக்கு அது தெரியும். தெரியாது என்று எழுதினால் பொய்.

கடிதம் கிடைத்தது. மனிசி கோடையில் வந்தாள். அடுத்த நத்தாருக்கு ரோட்கோல் என் பொறுப்பு. அவருடைய கத்தி, அவருடைய அண்டா. பிழை விடவில்லை. பழக்க ஒருவரும் இல்லாமலே பழகினேன். எதைப் போடக்கூடாது என்று தெரிந்தால் மிச்சம் தானாக வரும்.

அவர் ஹம்பேர்க் போனார் என்று கேள்வி. விசாவுக்காக நாலைந்து வருஷம் அலைந்ததாகவும் கேள்வி. நான் விசாரிக்கவில்லை. பிறகு ஒரே ஒரு தரம் கண்டது, இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில். தலை நரைத்திருந்தது. சாப்பாட்டு வரிசையில் பின்னாலிருந்து தோளில் தட்டினார்.

"என்ன தம்பி, கோவா இப்ப என்ன நிறம்?"

பக்கத்தில் மனிசி நின்றாள். "என்ன கோவா, அண்ணை?"

"அது சமையல்காரர் கதை தங்கச்சி. உமக்கு விளங்காது." சிரித்துக்கொண்டு வடை எடுக்கப் போய்விட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் கையில் தட்டு இருந்தது. சோறு ஆறிப்போகும் என்று நினைத்தேனோ என்னவோ.

இரண்டு வருஷத்துக்கு முதல் அவருடைய மரண அறிவித்தல் கைபேசியில் வந்தது. படத்தில் யாரோ ஒரு கிழவர். பெயரை வைத்துத்தான் பிடித்தேன்.

மத்தியானம் மகள் அண்டாவை எட்டிப் பார்த்தாள். "இத உங்களுக்கு ஆரப்பா பழக்கினது?"

மனிசி அப்பிள் சீவிக்கொண்டிருந்தாள். "ஆர் பழக்கினது? உவர் தானாப் பழகினவர். உவருக்கு ஒழுங்கா வாறது இது ஒண்டுதான்."

மகள் சிரித்தாள். நான் வினாகிரியை விட்டுக் கிளறினேன்.

காஸ்ட்ஹவுஸ் இப்போது இல்லை. அந்த இடத்தில் முதுகு நாரி பிடித்துவிடும் நிலையம் ஒன்று. பின் வளவு கார் நிறுத்துமிடம். முதலாளியம்மா செத்து நெடுநாள். அந்தக் கடிதத்தின் பிரதி எங்கோ கோப்பில் கிடந்தது, வீடு மாறியபோது தவறிவிட்டது. என்ன நடந்தது என்று தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான்.

அந்த நாலு கையும் நல்ல நினைவு. எது என் கை, எது அவருடையது என்றும் சொல்வேன். அவருடைய இடது பெருவிரலில் கத்தி வெட்டு ஒன்று இருந்தது. முகத்தைத்தான் காலையிலிருந்து கொண்டுவரப் பார்க்கிறேன். வருகுதில்லை.