ஐந்தாம் மாடியில் காய்ந்த வடகம்

மலேசியாவின் ஈப்போவில் ஆண்டு முழுவதும் வெயில்தான். அதனால் இங்கே யாருக்கும் கோடைகாலம் என்று ஒன்று கிடையாது. சித்திரை பிறந்தால் கும்பகோணத்தில் எங்கள் மொட்டைமாடிகளெல்லாம் வெள்ளை வேட்டி விரித்துக் கிடக்கும். வடகத்துக்குக் காவல் இருக்கிற சாக்கில் நானும் அக்காவும் ஒரு சொம்பு நீர்மோரைக் காலி செய்வோம். இங்கே மதியம் மூன்று மணிக்கு மழை வந்துவிடும். அதற்குள் வெயிலைப் பிடித்தால் உண்டு.

கல்யாணமாகி இங்கே வந்த ஆறாவது வருடம், போன சித்திரையில், பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். விடியும்போதே பச்சரிசிக் கூழ் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து, எங்கள் அடுக்குமாடியின் ஐந்தாம் மாடி மொட்டைத்தளத்தில் வேட்டி விரித்துக் கிள்ளி வைத்தேன். காக்கை வராமலிருக்க ஓரத்தில் ஒரு கறுப்புத் துணியும் கட்டினேன். பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் தரை துடைத்த மாதிரி இருந்தது. வடகமும் இல்லை, வேட்டியும் இல்லை.

காவலாளி முனியாண்டியைக் கேட்டேன். சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்த தமிழர்.

"கோவிச்சிக்காதீங்கக்கா. நாலாவது மாடி ஆளுங்க பயந்துட்டாங்க லா. யாரோ மந்திரம் பண்ணி வச்சிருக்காங்கன்னு பில்டிங் கமிட்டிக்குப் போன் போட்டாங்க. அதான் குப்பையில போட்டேன்."

"நீங்களுமா அண்ணே? வடகம்னு உங்களுக்குத் தெரியலையா?"

அவர் தரையைப் பார்த்தார். "தெரியும்க்கா. யாரு என்னைக் கேட்டா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாதவர்கள் பயந்ததை மன்னிக்கலாம். தெரிந்தவர் கை அதை அள்ளிப் போட்டதை எப்படிப் பொறுப்பது? இங்கேயே பிறந்த என் கணவர் குமரன், பாக்கெட் அப்பளம் வாங்கிக்கொள்ளலாம், விட்டுவிடு என்றார். நான் விடவில்லை.

மறுநாள் மின்தூக்கியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மாடியில் உணவு காயவைக்கக் கூடாது, வாசலில் மாவு கொட்டக் கூடாது. கீழே என் வீட்டு வாசல் கோலத்தின் படம். அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. நான் விடிகாலையில் குளித்துவிட்டுப் போட்ட சிக்குக் கோலத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கோத்தோர்', அழுக்கு.

அறிவிப்பைக் கிழித்து எடுத்துக்கொண்டு கமிட்டிச் செயலாளரான மலாய்ப் பெண்மணியிடம் போனேன். எனக்குத் தெரிந்த மலாயில், வடகம் சாப்பிடத்தான் என்பதற்கு "மாக்கான், மாக்கான்" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "ஹந்து மாக்கான்?" என்று கேட்டார். பேய்க்குப் படைத்ததா என்கிறார்! வீட்டுக்கு ஓடி, ஊரிலிருந்து அம்மா அனுப்பிய வடகத்தில் மிச்சமிருந்ததைப் பொரித்து எடுத்துவந்து அவர் மேசையில் வைத்தேன். முதலில் நான் ஒன்றைக் கடித்தேன். பிறகு அவர் ஒன்று, இன்னொன்று. நன்றாகச் சிரித்தார். கோலப் படத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னார். மாடி விதி மட்டும் அப்படியேதான் இருக்கும் என்றார். தீபாவளி விருந்துக்கு ஒரு பெரிய டின் நிறையக் கொண்டுவர முடியுமா என்றும் கேட்டார்.

தின்னலாம், காயவைக்கக் கூடாது! அந்த நியாயம் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது குமரனின் காரில் காயவைக்கிறேன். வாகன நிறுத்தத்தில் சுள்ளென்று வெயில் விழும் இடமாகப் பார்த்து நிறுத்தி, பின்கண்ணாடிக்குக் கீழே தட்டுகளைப் பரப்புகிறேன். இந்த ஊர் வெயில் கண்ணாடி வழியே தாராளமாக உள்ளே வருகிறது. எங்கள் ஊர் வாசம் வெளியே போய்விடாதபடி நாலு கதவையும் பூட்டிவிட்டு, சாவியோடு பக்கத்திலேயே நிற்கிறேன்.