அத்தை நனையாமல் ஆற்றைக் கடக்க

நனைந்த இலவம் பஞ்சின் நாற்றம் தெரியாதவர்கள் புண்ணியவான்கள். ஊறிப்போன தலையணையையும் மழையில் நின்ற ஆட்டையும் சேர்த்து முகர்ந்தால் எப்படியோ, அப்படி. அந்த நாற்றத்தோடுதான் அப்பாவின் தங்கை முனியம்மா அத்தை, நிச்சயம் முடிந்து அக்கரைப் பண்டிகைக்குப் போனபோது, மாமியாராகப் போகிறவர் முன்னால் நின்றாள்.

அப்பா பென்னாகரம் பக்கம் காவிரியில் பரிசல் ஓட்டினார். பரிசலின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும் என்பதால் பலகை போட்டு, அதன்மேல் அம்மா தைத்த ரெக்சின் மெத்தையையும் போட்டிருந்தார். மெத்தை வைத்த பரிசல் துறையிலேயே அது ஒன்றுதான் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை. ஆனால் அம்மா தைத்தது சாக்கு தைக்கும் பருத்தி நூலால். அது தினமும் நனைந்து, தினமும் காய்ந்து, உள்ளுக்குள்ளே இற்றுப்போயிருந்தது. நடு ஆற்றில் தையல் பிரிந்துவிட்டது. கரையேறிய அத்தையின் பின்பக்கச் சேலை முழுக்க ஈரப் பஞ்சு. அக்கரைப் பெண்கள் கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அதில் "கோளி", அதாவது கோழி, மட்டும் எங்களுக்கு நன்றாகவே புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சொல்லிவிட்டாள்: "மாப்பிள்ள மேல எனக்கு ஒரு குறையும் இல்லண்ணா. ஆனா அந்தப் பரிசல்ல இனி ஏற மாட்டேன். கண்ணாலத்த நிறுத்திடுங்க."

தாலி கட்டுவது அக்கரையில். பரிசலை விட்டால் வேறு வழி கிடையாது.

"நூலு பண்ணின தப்புக்கு அந்தப் புள்ள என்ன செய்யும்? இரு, நல்ல நூலாப் பாக்கறேன்" என்றாள் அம்மா.

தருமபுரியிலிருந்து பட்டு நூல், செருப்பு தைப்பவரிடம் மெழுகு நூல், வலை பின்னுகிறவரிடம் நைலான் நூல். மூன்றையும் பரிசல் விளிம்பில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டாள். ஆடி முழுக்க அவை ஆற்றில் ஊறின, வெயிலில் காய்ந்தன. பிறகு ஒவ்வொன்றாலும் எங்கள் ஆடு சிங்காரியைக் கட்டிப் பார்த்தாள். சிங்காரி சாதாரண ஆடு இல்லை. அப்பாவின் பீடிக்கட்டையே தின்று தீர்த்தது. எட்டாத தூரத்தில் முருங்கைக் கொத்தை ஆட்டிக் காட்டுவது என் வேலை. பட்டு நூல் ஒரே இழுப்பில் போயிற்று. மெழுகு நூலில் மெழுகெல்லாம் வெயிலில் வழிந்துவிட்டதால் அதுவும் அறுந்தது. நைலானை இழுத்து இழுத்துச் சலித்த சிங்காரி அப்படியே படுத்துக்கொண்டது. நான் குதித்தேன்.

அம்மா குதிக்கவில்லை. மெத்தையில் நெருக்கித் தைத்துப் பார்த்த இடத்தில் நைலான் ரெக்சினையே அறுத்துக்கொண்டு வந்தது. "நூலு வலுத்தா போதுமா? துணியோட ஒத்துப்போவணும். பொண்ணு குடுக்கற மாதிரிதான் இதுவும்" என்று சொல்லிக்கொண்டே, உள்ளே தடித்த துணிப்பட்டை வைத்து, தையலை எட்டி எட்டிப் போட்டாள். முடிச்சு நழுவாமல் இருக்க நுனியைக் கொள்ளிக்கட்டையில் காட்டினாள். அது உருகிக் கடுகு மாதிரி உருண்டுகொண்டது. அந்தக் கடுகுகளை எண்ணுகிறேன் என்று விரலைச் சுட்டுக்கொண்டவள் நான்தான்.

"போற வழியில அழுவாத, மேலிருந்து நனைஞ்சா நூலு பொறுப்பில்ல" என்று கல்யாணத்தன்று அம்மா கேலி செய்தாள். அத்தை சிரிக்கவில்லை. கண்ணை இறுக மூடி, என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்கரையில் இறங்கியதும் மாமியார்க்காரி அத்தனை சனத்துக்கு முன்னால் அவள் பின்பக்கச் சேலையைக் கையால் தடவிப் பார்த்தாள். மேளக்காரர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள்.

"ஒணகிதெ!" என்று அந்த அம்மாள் கூவினாள். காய்ந்துதான் இருக்கிறது! அப்போதுதான் அத்தை கண்ணைத் திறந்தாள். அப்புறம் அவள் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

இப்போது எங்கள் துறையில் பரிசல் கிடையாது. ஒகேனக்கல்லுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் ஓட்டுகிறார்கள். அக்கரைக்குப் பஸ் சுற்றிக்கொண்டு போகிறது. போன மாதம் என் பேத்தி கல்யாணத்துக்கு அத்தையைப் போனில் அழைத்தேன்.

"பஸ்ஸுல ஏறினா தல சுத்துது பாப்பா. அந்தச் சனியன்ல நா ஏற மாட்டேன். பரிசல அனுப்பு, வர்றேன்."