நிழலில் வெளுக்கும் கண்ணாடி

தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தது. அண்ணன் காலையில் சைக்கிளில் வந்து இறங்கி, அதன் நிழலில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பார்ப்பவர்கள் மூச்சு வாங்குகிறார் என்று நினைப்பார்கள். அவர் காத்திருந்தது கண்ணாடிக்காக. வெயிலில் வந்ததில் அது கறுத்திருக்கும். வெளுத்துச் சாதாரணப் பார்வைக் கண்ணாடி போல ஆன பிறகுதான் கேட்டைத் திறப்பார். நடுவில் ஒருமுறை கழற்றி, வெள்ளைச் சட்டையின் மேல் வைத்து, இன்னும் எவ்வளவு கறுப்பு மிச்சம் என்று பார்த்துக்கொள்வார்.

எங்கள் ஊர் அவிநாசிக்குப் பக்கம். தோட்டத்துக்காரரை நாங்கள் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம். அப்பா அவருடைய தோட்டத்தில் வேலை செய்தார். அண்ணன் அவருடைய காரை ஓட்டினார். இதை முன்னேற்றம் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள், பண்ணாடி உட்பட. அவர் தங்கை நான் படித்து, கோவையில் ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

அண்ணனுக்கு வலது கண்ணில் சதை வளர்ந்தது. வெள்ளை விழியின் ஓரத்தில் தொடங்கிக் கருவிழியை நோக்கி ஏறும் மெல்லிய சதை. வெயிலிலும் தூசியிலும் வருடக்கணக்காகக் கிடப்பவர்களுக்கு வருவது. மருத்துவர் வெட்டி எடுத்துவிட்டு, மறுபடி வளர்ந்தால் பார்வையைக் கெடுக்கும், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெளியே போகக் கூடாது என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்ததை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் நாளே பண்ணாடி கேட்டார்: “ஏண்டா, கூலிங் கிளாஸெல்லாம் பலமா இருக்குது? ரோட்டுல பாக்கறவன் காரு யாருதுன்னு நெனைப்பான்?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அண்ணனும் சிரித்துக்கொண்டே கழற்றினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடிக் கோவைக்கு வந்துவிட்டார்.

கண்ணாடிக் கடையில் இருந்த பெண் பொறுமையானவர். கார் ஓட்டச் சாம்பல் நிறம் நல்லது, சிக்னலின் சிவப்பும் பச்சையும் மாறாமல் தெரியும் என்றார். சைக்கிளுக்குப் பழுப்பு; குழியும் கல்லும் எடுப்பாகத் தெரியும். ரொம்பக் கறுத்தது ஓட்டுகிறவர்களுக்கு ஆகாது, மஞ்சள் மூடுபனிக்கு மட்டும்தான். ஒவ்வொன்றாக மாட்டி, வாசலுக்கு அழைத்துப்போய் ரோட்டைப் பார்க்கச் சொன்னார். அண்ணன் ரோட்டைப் பார்க்கவில்லை. கடைக் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, போட்டாப் போட்ட மாதிரி தெரியாத கூலிங் கிளாஸ் இருக்குதுங்களா?”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். “எல்லாரும் தெரியோணும்னுதானுங்க வாங்கறாங்க!”

பிறகு, வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்தார். “ஆனா காருக்குள்ள இது அவ்வளவாக் கறுக்காதுங்க. கறுக்க வைக்கிற கதிரை முன்னாடி இருக்கற கண்ணாடியே தடுத்துப்போடும். எதுத்தாப்புல வெயில் அடிச்சா கூசத்தான் செய்யும்.”

அண்ணன் முகம் அப்போதுதான் தெளிந்தது. “அப்ப இன்னும் நல்லதாப் போச்சுங்க.”

கண்ணாடி வாங்க வந்த ஒருவர் அதன் குறையைக் கேட்டு மகிழ்ந்ததை நான் அந்த ஒருமுறைதான் பார்த்தேன்.

மாலையில் காரில் கோவையை நோக்கிப் போகும்போது சூரியன் நேர் எதிரே இருக்கும். வெளுத்த கண்ணாடிக்குப் பின்னால் கண்ணீர் வழிய ஓட்டுவார். சைக்கிளில் போகும்போது கண் குளிர்ந்திருக்கும்; கேட்டுக்கு வந்தால் வேப்பமர நிழல். கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனால் என்ன என்று கேட்டேன். “கழட்டி மாட்டுனாத்தான் எல்லாருக்கும் கண்ணுல படும், அம்மணி. எப்பவும் மூஞ்சியிலயே கெடந்தா, பார்வைக்குப் போட்டிருக்கறான்னு உட்டுருவாங்க,” என்றார். கண் தெரியாதவனாக இருப்பதற்கு அங்கே தடை இல்லை.

குளிர்காலத்தில் அந்தக் கண்ணாடி இன்னும் அதிகமாகக் கறுக்கும், வெளுக்க நேரமும் எடுக்கும். கடையில் இதைச் சொல்லவில்லை. ஒரு மார்கழிக் காலை, மரத்தடியில் நின்றவரின் பின்னால் பண்ணாடி நடந்து வந்தார்.

“எந்த ஊரு நடிகருங்க இது, நம்ம கேட்டுல?”

அவர் அண்ணனுக்கு ‘ங்க’ போட்டது அன்றுதான். களை எடுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். கையிலும் அது கறுப்பாகவே இருந்தது.

யாரும் திட்டவில்லை. மறுவாரம் புது டிரைவர் வந்தார். “கண்ணு வலிய வெச்சுக்கிட்டு எதுக்குடா ஓட்டறே? தோட்டத்துல தண்ணி பாத்துக்க,” என்றார் பண்ணாடி. கேட்டவர்கள் எல்லோரும் இதைக் கருணை என்றார்கள். வாழைக்குத் தண்ணீர் கட்டும் ஆள் எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் அது பேச்சாகும். கண்ணாடி வீட்டு அலமாரிக்குப் போனது. வெயிலும் தூசியும் பழையபடி கண்ணில் விழ, சதை மறுபடி ஏறியது. இரண்டாம் முறை வெட்டியபோது கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது. இப்போது வலது கண்ணுக்கு ஆள் வருவது தெரியும். யார் என்று தெரியாது. சிங்காநல்லூரில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாக இருக்கிறார்.

இந்தத் தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். பண்ணாடிக்குப் பத்திரிகை வைக்காமல் இருக்க முடியாது என்றார். நான் வேண்டாம் என்றேன். “சொல்லாமப் போனா நல்லாருக்காது அம்மணி,” என்றார். இருவரும் போனோம்.

“வாங்க அம்மணி, உக்காருங்க,” என்று பண்ணாடியின் மனைவி என்னை வரவேற்றார். நாற்காலி ஒன்றுதான் வந்தது. நான் உட்காரவில்லை, அதை யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை. அண்ணன் படிக்குக் கீழே, வெயிலில் நின்றார். பண்ணாடி போர்டிகோவில் சாய்ந்திருந்தார். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. பக்கவாட்டையும் மறைக்கும் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பத்திரிகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைப் பற்றியே பேசினார்.

“வெளிச்சமே ஆக மாட்டீங்குதுடா. இது இல்லாம வாசலுக்கு வர முடியறதில்ல. கண்ணுல ஊசி வெச்சுக் குத்துற மாதிரி இருக்குது. உனக்கெங்கே அது தெரியப் போகுது!”

அண்ணன் நெற்றிக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்திருந்தார். அதைக் கீழே இறக்கிவிட்டு, “ஆமாங்க பண்ணாடி,” என்றார்.